சொல்தா கொண்டுவந்த துரு

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூன்று பேரிடமும் நாலு வார்த்தை பேசச் சொல்லி முதலாளி என்னைக் கூப்பிட்டார். துரு எடுக்கிற ஆக்ஸாலிக் ஆசிட் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, எந்தக் கறைக்கு எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்பதெல்லாம் கொட்டகைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. படித்துக்கொள்ளுங்கள். கையுறை இல்லாமல் தொட்டியில் கை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு என் நகங்களைப் பார்த்தால் போதும். இதைச் சொல்வதற்காக ஓய்வில் இருக்கிற மனுஷனை நெல்லித்தோப்பு வீட்டிலிருந்து இந்த உப்பளம் கடைக்கு வெயிலில் வரவழைக்க வேண்டியதில்லை. நான் சொல்ல வந்தது வேறு.

பழைய பாட்டில் கழுவுவது தனியாள் வேலை. முன்பக்கம் பழம்பொருள் கடை. அங்கே வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள், போட்டோ எடுப்பார்கள், முதலாளி சிரித்துப் பேசுவார். பின்பக்கம் தகரக் கொட்டகை. ஆசிட் வாடைக்குப் பயந்து அங்கே ஒரு பூனைகூட வராது. நீங்கள் மூன்று பேர் இருக்கிறீர்கள், கேலி பேசிக்கொண்டே வேலை பார்க்கலாம். நான் ஒருவன்தான். ஆரம்பத்தில் துணைக்கு ஒரு ரேடியோ வைத்துக்கொண்டேன். ஆசிட் காற்றில் அதுவும் உள்ளே துரு பிடித்து வாயை மூடிக்கொண்டது.

வீட்டிலும் அதே கதைதான். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் சேதராப்பட்டில் கம்பெனி வேலை, அங்கேயே குடித்தனம். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான். சாப்பிட்டாயா என்று கேட்பான், சாப்பிட்டேன் என்பேன். அதற்குப் பிறகு என்ன பேசுவதென்று இரண்டு பேருக்கும் தெரியாது. நான் தனியாக இருக்கிறேன் என்று யாரிடமும் வாய் திறந்து சொன்னதில்லை. யாராவது கேட்டால் வேலை தலைக்கு மேல் இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அதுவும் பொய்யில்லை.

அப்படி இருந்தபோதுதான் சொல்தா வந்தார். உங்களில் ஒருவர் விழுப்புரம் பக்கம் என்று முதலாளி சொன்னார், அவருக்காகச் சொல்கிறேன். பிரெஞ்சு பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, பென்ஷனில் இருக்கிறவரை எங்கள் ஊரில் சொல்தா என்போம். இவருக்கு எழுபது தாண்டியிருக்கும். நிமிர்ந்த முதுகு, இஸ்திரி போட்ட சட்டை. கடைக்கு இரண்டு தெரு தள்ளிப் பெரிய வீடு. மனைவி இல்லை. பெண்கள் இரண்டு பேரும் பிரான்சில். தோட்டத்துப் பழைய கிணற்றைத் தூர் வாரியபோது பாட்டில்கள் கிடைத்தனவாம். வெள்ளைக்காரர் காலத்து லிமோனாத், அதாவது எலுமிச்சை சோடா பாட்டில்கள். மேலே பீங்கான் மூடி, அடியில் ரப்பர் வளையம், இரண்டையும் சேர்த்து அழுத்திப் பிடிக்க ஒரு கம்பிக் கொக்கி. கொக்கி துருப்பிடித்து, அந்தத் துரு கண்ணாடியின் கழுத்தெல்லாம் இறங்கியிருந்தது.

வாடிக்கையாளர் கொண்டுவரும் பாட்டிலை அவர் கண் முன்னாலேயே கழுவித் தருவது நம் கடை வழக்கம். நல்ல பாட்டிலை எடுத்துக்கொண்டு மட்டமானதைக் கொடுத்துவிட்டான் என்ற பேச்சு வரக் கூடாது என்பதற்காகப் பெரிய முதலாளி காலத்தில் ஏற்பட்டது. அதனால் பாட்டில் ஊறுகிற வரை ஆளும் கொட்டகையில் உட்கார்ந்திருக்க வேண்டும். முக்கால்வாசிப் பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்கும் நடப்பார்கள். ஆயிற்றா, இன்னும் எவ்வளவு நேரம் என்று பிராணனை வாங்குவார்கள். சொல்தா மட்டும் கவிழ்த்துப் போட்ட சோடாப் பெட்டியில் சட்டமாக உட்கார்ந்து, பனி பெய்கிற ஊரில் காவல் நின்ற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பாட்டிலை எடுக்கப் போனால், இன்னும் கொஞ்சம் ஊறட்டும் தம்பி, அவசரமில்லை என்பார்.

அதன்பிறகு வாரம் ஒரு தரம், சில வாரம் இரண்டு தரம் வருவார். ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு பாட்டில். எல்லாவற்றையும் சேர்த்துக் கொண்டுவந்தால் ஒரே நாளில் முடித்துவிடலாமே என்று நானும் சொல்லிப் பார்த்தேன். கை வலிக்கும் தம்பி என்றார். இரண்டு தெருவுக்குக் கை வலிக்குமா என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் அவர் கொடுத்த பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தபோது வாய்ப்பக்கம் சின்னதாக ஒரு சில்லு பெயர்ந்திருப்பதைப் பார்த்தேன். அந்தச் சில்லை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். மூடிக்குப் புது ரப்பர் வளையம் மாட்டிக் கொடுத்ததும் நான்தான். நான் பளிச்சென்று அனுப்பிய பாட்டில் உள்ளே துருவோடு திரும்பி வந்திருக்கிறது. கட்டைவிரலில் ஈரம் தொட்டு உள்வாயைத் தேய்த்தேன். மஞ்சள் குழம்பு மாதிரி விரலோடு வந்துவிட்டது. மண்ணில் கிடந்து ஏறிய துரு கண்ணாடியைக் கவ்விக்கொள்ளும், அதைப் பிரிப்பதற்குள் உயிர் போகும். இது போன வாரத்துத் துரு. ஆணியைப் போட்டு உப்புத் தண்ணீர் ஊற்றி வைத்தால் இப்படித்தான் வரும்.

எனக்கு ரத்தம் கொதித்தது. என்னை என்ன, கேனயன் என்று நினைத்தாரா? வேறு கடைக்காரன் எவனாவது வேவு பார்க்க அனுப்பியிருக்கிறானா? கேட்டுவிடலாம் என்று திரும்பினேன். அவர் பாட்டிலைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, நான் ஏதாவது பேசுவேனா என்று காத்திருந்தார். கோபம் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. பாட்டிலைத் தொட்டியில் போட்டேன். தேவையே இல்லாமல் நெடுநேரம் ஊறவிட்டேன். அன்றைக்கு நான்தான் அதிகம் பேசினேன், என் மனைவியைப் பற்றிக்கூட.

இப்படிச் சில மாதங்கள் ஓடின. அவர் துருவைக் கொண்டுவருவார், நான் எடுத்துக் கொடுப்பேன். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. முதலாளிக்குத்தான் கண்ணை உறுத்தியது. அவர் மேல் குறை சொல்லமாட்டேன். வியாபாரம் முழுக்க ஆன்லைனுக்குப் போய்விட்டது. வெளியூர் டீலர்கள் அனுப்பிய பெட்டிகள் பிரிக்காமல் கிடந்தன.

"அண்ணே, அந்த சொல்தா பாட்டில்ல அப்படி என்ன இருக்குது? லேசான கறைதான. சட்டுனு முடிச்சுக் குடுத்து அனுப்புங்க, பொழுதுக்கும் ஒக்கார வச்சிருக்கீங்க" என்றார்.

சம்பளம் கொடுக்கிறவர் சொல்வதைக் கேட்டுத்தானே ஆகவேண்டும்? அடுத்த முறை எலுமிச்சை உப்பில் ஒரு முக்கு, பிரஷ்ஷில் ஒரு சுற்று, கையில் கொடுத்துவிட்டேன். சொல்தாவுக்கு வந்து உட்கார்ந்த மூச்சே அடங்கவில்லை. அதற்கடுத்த முறையும் அப்படியே. பாட்டிலை வாங்கிக்கொண்டு கேட் வரை போய், வெயிலில் கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டுப் போனார். அதைப் பார்க்க எனக்கும் நன்றாக இல்லை.

ஒருநாள் கிளம்பும்போது, சீக்கிரத்தில் போகாத துரு எது தம்பி என்று கேட்டார். நான் அப்போது என் குறடைத் திட்டிக்கொண்டிருந்தேன். முதல் நாள்தான் எண்ணெய் போட்டு வைத்தது, காலையில் பார்த்தால் வாய் பிரியாமல் துருவேறிக் கிடந்தது. ஆசிட் பட்டால் எந்த இரும்பும் ஒரே ராத்திரியில் வீணாய்ப் போய்விடுகிறது ஐயா என்று எரிச்சலில் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார். அந்தத் தலையாட்டலை நான் கவனித்திருக்க வேண்டும். வேலை மும்முரத்தில் விட்டுவிட்டேன்.

அடுத்த முறை துணிப்பையில் பாட்டிலைக் கொண்டுவந்து பெட்டியில் உட்கார்ந்தார். போன்ழூர் என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னார். பையை மடியிலேயே வைத்துக்கொண்டார். இன்றைக்கு நல்ல கறை தம்பி, நேரமாகும் என்று சொன்னபோது அவர் குரலில் ஒரு சந்தோஷம். பை வாயில் பாட்டிலின் கழுத்து தெரிந்தது. மூடி இறுக்கிப் போட்டிருந்தது, கொக்கிக் கம்பி விறைத்து நின்றது. வெளிர் பச்சைக் கண்ணாடிக்குள் பொடிப்பொடியாகக் குமிழிகள் மேலே ஏறிக்கொண்டிருந்தன. நிற்காமல் ஏறின.

பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டை ஊற்றி உள்ளே ஆணியைப் போட்டிருக்கிறார். ஆசிட்டும் இரும்பும் சேர்ந்தால் காற்று கிளம்பும். அது போக வழியில்லாமல் மூடியிருக்கிறது. மூடியில் இருப்பது நான் மாட்டிய புது வளையம், மூச்சு விடாது. கண்ணாடி நூறு வருஷத்துக் கண்ணாடி, வாயில் சில்லு பெயர்ந்தது. அது அவர் மடியில் இருக்கிறது, முகத்துக்கு ஒரு முழம் கீழே. இதில் கொடுமை என்னவென்றால், துருவை எடுக்கிற சாமானையே ஊற்றித் துரு பிடிக்க வைக்கப் பார்த்திருக்கிறார் மனுஷன்.

பிள்ளைகளே, இந்த இடத்தை மட்டும் கவனமாகக் கேளுங்கள். ஆபத்தைப் பார்த்தால் கத்தத்தான் தோன்றும். நான் கத்தியிருந்தால் அவர் துள்ளி எழுந்திருப்பார், பாட்டில் தரையில் விழுந்திருக்கும், இரண்டு பேரில் ஒருவருக்காவது கண் போயிருக்கும். கொட்டகையில் ஏதாவது தப்பாகத் தெரிந்தால் முதலில் உங்கள் குரலை இறக்குங்கள். கை கால் நடுங்கினால் நடுங்கட்டும், குரல் நடுங்கக் கூடாது.

தலையைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் போனேன்.

"ஐயா, தலைய வலிக்குது. முனைக் கடையில ரெண்டு டீ வாங்கியாரீங்களா? பைய இப்படிக் குடுங்க."

சொன்ன பிறகுதான் உறைத்தது. வயசில் மூத்தவர், வாடிக்கையாளர், பட்டாளத்தில் நாலு பேரை அதட்டி வேலை வாங்கியவர். அவரைப் போய் டீ வாங்கிவரச் சொல்கிறேன். கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், முகம் அப்படி மலர்ந்துபோயிற்று. அந்த மனுஷனிடம் யாரும் எதையும் கேட்டு எத்தனை காலம் ஆயிற்றோ. பையை என் கையில் கொடுத்தார். சர்க்கரை கம்மியா, தூக்கலா என்று விசாரித்தார். கம்மி என்றேன். விறுவிறுவென்று நடந்தார்.

துணியைத் தாண்டிச் சூடு தெரிந்தது. ஆட்டாமல் அசைக்காமல் கொண்டுபோய்க் காலித் தொட்டிக்குள் வைத்தேன். தண்ணீர் ஊற்றலாம் என்று கை குழாய்க்குப் போயிற்று. சூட்டில் இருக்கிற பழைய கண்ணாடி பச்சைத் தண்ணீர் பட்டால் அந்த நொடியே விரிசல் விடும், இழுத்துக்கொண்டேன். அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடலாம். ஆனால் தகரத்துக்கு அந்தப் பக்கம் கடையில் ஆட்கள் நிற்கிறார்கள், டீயோடு அவரும் திரும்பி வருவார். காய்ந்த கோணிகளை எடுத்து, கழுத்து மட்டும் தெரிகிற மாதிரி சுற்றிலும் அடுக்கினேன். முகமூடிக் கண்ணாடியைப் போட்டேன். தொட்டிச் சுவருக்கு இந்தப் பக்கம் குந்தி, ஒட்டடைக் கம்பால் தடவித் தடவிக் கொக்கியைத் தேடினேன். முதல் தடவை வழுக்கியது. என் மகன் முகம் ஞாபகம் வந்தது. இரண்டாவது தடவை நெம்பினேன்.

துப்பாக்கி மாதிரி ஒரு சத்தம். பீங்கான் மூடி தொட்டிச் சுவரில் அடித்தது, நுரை ஆள் உயரத்துக்கு எழும்பியது. நான் குந்தியபடியே கிடந்தேன். வாடை அடங்கியதும் எட்டிப் பார்த்தால், பாட்டில் அப்படியே நின்றுகொண்டிருந்தது. நிறையத் தண்ணீர் விட்டு எல்லாவற்றையும் கழுவினேன். உள்ளே இருந்த ஆணிகளைக் கவிழ்த்துத் தொட்டி விளிம்பில் போட்டேன்.

சொல்தா இரண்டு பேப்பர் கப்போடு வந்தார். ஒரு சொட்டு சிந்தாமல் கொண்டுவந்திருந்தார். ஆணிகளைப் பார்த்தார். கோணியைப் பார்த்தார், என் சட்டையில் ஆசிட் பட்ட ஓட்டைகளைப் பார்த்தார். நின்ற இடத்திலேயே நின்றார்.

"பை நனையக் கூடாதுன்னுதான் தம்பி மூடுனேன்" என்றார்.

திட்ட வேண்டும் என்று வாய் வரை வந்தது. திட்டவில்லை. அதற்குப் பதிலாக, எத்தனையோ நாளாக மனதில் வைத்திருந்ததைச் சொன்னேன்.

"இனிமே பாட்டிலே வேணாம் ஐயா. சும்மா வாங்க. சும்மா வந்து ஒக்காருங்க, பேசிட்டுப் போங்க. மொதலாளி கிட்ட நான் சொல்லிக்கறேன்."

"சும்மாவா?" என்று கேட்டார்.

"ஆமாங்கய்யா, சும்மா."

டீயைக் குடித்தார். கப்பை நசுக்கிக் குப்பைக் கூடையில் போட்டார். துணிப்பையை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மெர்சி தம்பி என்று நன்றி சொல்லிவிட்டுப் போனார். பாட்டிலை எடுத்துக்கொள்ளவில்லை. நான் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன். ஒரு உயிரைக் காப்பாற்றினோம், ஒரு மனசுக்கும் நல்லது பண்ணினோம் என்று எனக்கு என் மேலேயே ஒரு மரியாதை.

அவர் அந்த வாரம் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. முதலாளி ஒன்றும் கேட்கவில்லை, டீலர் பெட்டிகள் மளமளவென்று முடிந்துகொண்டிருந்தன. கேட் சத்தம் கேட்கும்போதெல்லாம் தலையைத் தூக்குவேன். கூரியர் ஆளாக இருப்பான். அந்தச் சோடாப் பெட்டியில் சாமான் எதையும் வைக்காமல் காலியாகவே வைத்திருந்தேன். அந்த நாட்களில்தான் எனக்கே வெளிச்சமாயிற்று, அவர் வருவதற்காக நான் எவ்வளவு காத்திருந்தேன் என்பது. அவர்தான் தனியாள், நான் அவருக்குத் துணை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெருமைதான். இப்போது கொட்டகையில் தண்ணீர் சொட்டுகிற சத்தத்தைத் தவிர எதுவும் இல்லை, எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனிடம் பேசிவிட்டுப் போனை வைத்தேன். அறைக்குள் இருக்க முடியவில்லை. சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறி உப்பளத்துக்கு வந்தேன். கடை பூட்டியிருந்தது. அதைத் தாண்டி அவர் தெருவுக்குப் போனேன். வீட்டைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை, சொல்தா வீடு என்றால் தெருவுக்கே தெரியும். பெரிய கதவு. மணியை அடித்துவிட்டு நின்றேன்.

நேரம் கழித்துத்தான் திறந்தார். அதே இஸ்திரிச் சட்டை. இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் கதவை முழுசாகத் திறக்காமல், ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன தம்பி, இந்தப் பக்கம்? என்ன விஷயம்?"

பஸ்ஸில் வரும்போது நிறையப் பேச வேண்டும் என்று நினைத்திருந்தேன், அவ்வளவும் காணோம். சும்மாதான் வந்தேன் என்று சொன்னால் முடிந்தது. எவ்வளவு சின்ன வார்த்தை! அவருக்கு நான் எவ்வளவு சுலபமாகச் சொல்லிக் கொடுத்த வார்த்தை! அடுத்தவர் வாசலில் வெறுங்கையோடு நின்றுகொண்டு அதைச் சொல்ல நாக்கு எழும்பவில்லை. சும்மா வந்தேன் என்றால், எனக்கு வேறு யாருமில்லை என்று தெருவில் நின்று சொன்ன மாதிரி இருக்குமே என்று வெட்கம். ஒரு ஓட்டைப் பாட்டிலாவது கையில் எடுத்து வந்திருக்கக் கூடாதா என்று தோன்றியது. இந்தப் பக்கம் ஒரு வேலை, அப்படியே... என்று இழுத்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்கென்ன வேலை? பொய் சொல்கிறேன் என்பது எனக்கே கேட்டது. சரி ஐயா, கிளம்பறேன் என்று படியிறங்கத் திரும்பினேன்.

சொல்தா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கதவை அகலத் திறந்தார்.

"நல்ல நேரத்துல வந்தீங்க தம்பி. ஆள் அனுப்பலாம்னு இருந்தேன். உப்புக்காத்துல வீட்டு ஜன்னல் கம்பியெல்லாம் துரு ஏறிப்போச்சு. நீங்க வந்து பாத்துச் சொன்னாதான் ஆவும்."

ஜன்னல் கம்பியைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது, அது அவருக்கும் தெரியும். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனேன். அறை அறையாகக் கூட்டிக்கொண்டு போனார். இருட்டுகிற வரைக்கும் ஒவ்வொரு கம்பியாகப் பார்த்துச் சொன்னேன்.